முழு அணியும் கையில் இல்லாத பருவம்: ஓக்லீ சார்ஜர்ஸ், 2019

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 18 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்று பட்டம் வென்றால் அதில் பயிற்சியாளருக்கு உண்மையில் எவ்வளவு பங்கு உண்டு என்றும், அடுத்த ஆண்டே நாட்டின் முதல்நிலைப் போட்டியான ஏ.எஃப்.எல்.-இல் ஆடும் பெரிய சங்கங்களுக்குப் போய்விடும் அளவுக்குத் திறமையுள்ள இளைஞர்கள் அணியில் இருந்தால் யார் பயிற்சியளித்தாலும் அந்த அணி வென்றிருக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலருக்கும் இயல்பாக எழும் ஐயம்தான் இது. ஆனால் அந்த இளைஞர்கள் ஆண்டு முழுவதும் பயிற்சியாளரிடம் இருக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. விக்டோரியா மாநிலத்தின் இளையோர் போட்டியில் நிலைமை அப்படி இல்லை. மெல்பர்னின் ஓக்லீ சார்ஜர்ஸ் அணி லீ கிளார்க் என்ற பயிற்சியாளரின் கீழ் 2019-இல் ஆடிய பருவத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். அந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அணி வென்றது மட்டுமல்ல. அடுத்த ஆண்டு நேர்ந்த ஒன்றினால் அந்தப் பருவத்தின் பொருளே மாறிப்போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சில அடிப்படைகள். கிரிக்கெட் மைதானம் போன்ற முட்டை வடிவத் திடலில், பக்கத்துக்கு 18 பேராக ஆடப்படுவது இது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளிகள். அதன் இருபுறமும் உள்ள இடைவெளியில் பந்து சென்றால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை எறிவதற்கு அனுமதி இல்லை. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தைத் தரையில் விழுமுன் பிடிப்பவருக்கு 'மார்க்' கிடைக்கும். எதிரணியினர் குறுக்கிடாமல் அவர் அடுத்த உதையை எடுக்கலாம். ஆஃப்சைட் விதி இல்லை. ஆகவே 36 பேரும் திடல் முழுவதும் பரவியும் கலந்தும் ஓடிக்கொண்டிருப்பார்கள். தனக்கு 40 மீட்டர் தள்ளி ஓடும் சக வீரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதைப் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டிய ஆட்டம் இது. அந்த அறிவு சேர்ந்து ஆடிய ஆட்டங்களால் மட்டுமே வரும். இளையோர் அணிப் பயிற்சியாளரின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1991 வரை பெரிய சங்கங்கள் ஒவ்வொன்றும் 19 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றைத் தாமே நடத்திவந்தன. 1992-இல் அதற்குப் பதிலாக வட்டார அடிப்படையில் அமைந்த போட்டி ஒன்று வந்தது. நெடுங்காலம் அது டி.ஏ.சி. கோப்பை என்று அழைக்கப்பட்டு, 2019-இல் நாப் லீக் என்று பெயர் மாறி, 2023 முதல் டேலன்ட் லீக் ஆகியிருக்கிறது. விக்டோரியாவில் பன்னிரண்டு வட்டார அணிகள் உண்டு. டாண்டனாங் ஸ்டிங்ரேஸ், ஈஸ்டர்ன் ரேஞ்சஸ், சான்ட்ரிங்ஹம் டிராகன்ஸ், கிப்ஸ்லாண்ட் பவர், பென்டிகோ பயனியர்ஸ் என்று அவற்றின் பெயர்களே நிலப்பகுதியைச் சொல்லிவிடும். 2019-இல் டாஸ்மேனியா அணியும் முழுப் பருவமும் ஆடத் தொடங்கியது. ஓரணிக்கு உரிய எல்லைக்குள் வசிக்கும் இளைஞர்களே பொதுவாக அந்த அணிக்கு வருவார்கள். எனவே ஒரு பயிற்சியாளர் தனக்குப் பிடித்த வீரரை விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. வீரர்களும் ஓரிரு ஆண்டுகளில் வயது கடந்து வெளியேறிவிடுவார்கள். பல ஆண்டுகள் பொறுத்து ஓர் அணியைக் கட்டி எழுப்பும் வாய்ப்பு, பெரிய சங்கத்தின் பயிற்சியாளருக்கு இருப்பதுபோல், இங்கே யாருக்கும் இல்லை.

ஓக்லீ சார்ஜர்ஸ் மெல்பர்னின் கிழக்கு, தென்கிழக்குப் புறநகர்களைச் சார்ந்த அணி. வாரவீ பார்க் அதன் திடல். அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் நிறைய உள்ளன. அவற்றுட் பல, 'அசோசியேட்டட் பப்ளிக் ஸ்கூல்ஸ்' என்ற பதினொரு பள்ளிகளின் கூட்டமைப்பில் அடங்குபவை. இந்தப் பள்ளிகள் குளிர்காலத்தில் சனிக்கிழமைதோறும் தமக்குள் கால்பந்து ஆடும். அப்பள்ளிகளில் படிக்கும் வீரர் முதலில் பள்ளிக்கே ஆட வேண்டும். இதற்கு மேல், ஆண்டின் நடுவில் 18 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி நடக்கும். அதில் மெல்பர்ன் நகர வீரர்கள் 'விக் மெட்ரோ' அணிக்கும், மாநிலத்தின் பிற பகுதி வீரர்கள் 'விக் கன்ட்ரி' அணிக்கும் ஆடுவார்கள். பள்ளி, மாநிலம், வட்டாரம் என்று மூன்று சீருடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சியாளர், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டமுறை. இவற்றுக்கிடையில் பலர் பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓர் அணியில் எவ்வளவு சிறந்த வீரர்கள் இருக்கிறார்களோ, அவ்வளவு பேர் பருவத்தின் பெரும்பகுதியில் வேறெங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓக்லீயைப் போன்ற ஓரணி ஒரே பருவத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் களமிறக்குவது வியப்புக்குரிய செய்தி அல்ல. ஏப்ரலில் மைய ஆட்டக்காரராக ஆடியவர் மே மாதத்தில் பள்ளி அணியில் இருப்பார். அவருடைய இடத்தில், அதுவரை உள்ளூர்ச் சங்கத்தில் ஆடிவந்த ஒருவர் தன் முதல் ஆட்டத்துக்காக வந்து நிற்பார். எதிரணிக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம். வெளிக்கிழக்குப் புறநகர்களைச் சார்ந்த ஈஸ்டர்ன் ரேஞ்சஸ் அணிக்கு, இந்தப் பள்ளிகளால் வரும் இழப்பு ஓக்லீ அளவுக்கு இல்லை. 2019-இல் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றது அந்த அணியே. எஸன்டன் அணியின் முன்னாள் வீரர் டாரன் பியூவிக் அதற்குப் பயிற்சியாளர். அவர் அணி அவ்வாறு முதலிடம் பெற்றதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே குழுவை மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடவைப்பதும் கடினமான வேலைதான். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து இரண்டு பயிற்சியாளர்களையும் ஒப்பிடுவது நியாயமாகாது என்பது என் கருத்து.

அந்த ஆண்டுக்கு ஒரு முன்கதையும் உண்டு. முந்தைய ஆண்டான 2018-இல் ஓக்லீ இறுதிப் போட்டிக்கு வந்து, டாண்டனாங் ஸ்டிங்ரேஸ் அணியிடம் நெருக்கமான ஆட்டத்தில் தோற்றது. ஸ்டிங்ரேஸுக்கு அது முதல் பட்டம். தோற்ற ஓக்லீ அணியில் 17 வயதினர் இருவர் இருந்தனர்: மேட் ரோவெல், நோவா ஆண்டர்சன். இருவரும் கியூ பகுதியிலுள்ள கேரி கிராமர் பள்ளி மாணவர்கள், நெருங்கிய நண்பர்கள். ஆண்டர்சனின் தந்தை டீன் ஆண்டர்சன் ஹாத்தார்ன், செயின்ட் கில்டா அணிகளுக்கு ஆடியவர். தோல்வியடைந்த அந்த இறுதிப் போட்டியில் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான பதக்கம் ரோவெலுக்குக் கிடைத்தது. ஐசக் குவெய்னர், ரைலி காலியர்-டாகின்ஸ் ஆகிய மூத்தவர்கள் அந்த ஆண்டின் இறுதியிலேயே முறையே காலிங்வுட், ரிச்மண்ட் அணிகளுக்குச் சென்றுவிட்டார்கள். பயிற்சியாளர் கையில் எஞ்சியவர்கள் இளையவர்கள். அவர்களும் 2019-இன் பெரும்பகுதி பள்ளிக்கும் மாநில அணிக்கும் போய்விடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இத்தகைய சூழலில் பயிற்சியாளர் செய்யக்கூடியது என்ன? என் பார்வையில், அவர் செய்யும் வேலையில் முக்கியமானது ஆட்டமுறையை எளிமையாக வைத்துக்கொள்வது. வாரம் இரண்டு மாலைகள் பயிற்சிக்கு வருகிற ஒரு புதிய வீரர், முதல் ஆட்டத்திலேயே தன் வேலையைப் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும். மூன்று மாதம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் மூத்த வீரரும் உடனே அதில் பொருந்த வேண்டும். நடுவர் பந்தை மேலே எழுப்பி ஆட்டத்தைத் தொடங்கியபின் யார் உள்ளே நிற்பது, யார் வெளியே ஓடுவது. எதிரணியின் கையில் பந்து போனவுடன் யார் பின்வாங்குவது. முன்களத்துக்குப் பந்தை எந்த வழியாகக் கொண்டுசெல்வது. இவ்வளவுதான். இதை ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே மொழியில் சொல்லிக்கொடுத்து, யார் வந்தாலும் யார் போனாலும் அது மாறாமல் பார்த்துக்கொள்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. அவர் பார்ப்பது சராசரி வீரர்களைக் கொண்ட ஓரணி குளிர்கால மழையில் தடுமாறுவதை மட்டும்தான்.

அடுத்தது உடலைக் காப்பது. புதன்கிழமை பள்ளியில் பயிற்சி, வியாழக்கிழமை வட்டார அணியில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று ஓடும் 17 வயது உடலுக்கு ஓய்வு எப்போது? மூன்று பயிற்சியாளர்களும் பேசிக்கொள்ளாவிட்டால், ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் பிழிந்துவிடுவார்கள். நல்ல இளையோர் பயிற்சியாளர் தன் பயிற்சி நேரத்தில் ஒருவரை ஓரமாக நிற்கவைக்கத் தயங்குவதில்லை, அதனால் அடுத்த ஆட்டத்தில் தன் அணி பலவீனப்படும் என்று தெரிந்தும். வட்டார அணிகளில் முழுநேர மேலாளர் ஒருவர் இருப்பார். பயிற்சியாளர் பதவியோ பெரும்பாலும் பகுதிநேர வேலைதான். பகலில் ஒரு தொழில், மாலையில் திடல், இரவில் காணொளி பார்த்துக் குறிப்பெடுத்தல் என்று ஆண்டு முழுவதும் உழைக்கிற இவர்களுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

மூன்றாவது விஷயமே மிகவும் நுட்பமானது என்பேன். இந்தப் போட்டியின் நோக்கம் பட்டம் வெல்வது மட்டுமன்று. பொதுவாக நவம்பரில் நடக்கும் டிராஃப்ட் என்ற வீரர் தேர்வில் பெரிய சங்கங்கள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அவற்றின் தேர்வாளர்கள் ஒவ்வொரு வாரமும் பார்வையாளர் பகுதியில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார்கள். முன்களத்தில் மட்டுமே ஆடத் தெரிந்தவர் என்று ஒருவரைப் பற்றி அவர்கள் முடிவு கட்டிவிட்டால், அவருடைய வாய்ப்பு குறுகிவிடும். ஆகவே பயிற்சியாளர் அவரைப் பின்களத்திலும் பக்கவாட்டிலும் ஆடவைத்துக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யும்போது அன்றைய ஆட்டம் கைவிட்டுப் போகலாம். வெற்றிக்கும் வீரரின் எதிர்காலத்துக்கும் இடையே வாரந்தோறும் எடுக்க வேண்டிய இந்த முடிவை, எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை. இவர்களைவிட இளையவர்களுக்கு, அதாவது இன்னும் ஓராண்டு தகுதி மீதமுள்ள 17 வயதினருக்கு, எத்தனை ஆட்டங்கள் தருவது என்பதும் அதே வகை முடிவு. அவர்களை எடுத்தால் இந்த ஆண்டே தேர்வுக்கு வரும் 18 வயதினர் ஒருவர் வெளியே அமர வேண்டியிருக்கும். இரண்டு குடும்பங்களின் ஏக்கம் ஒரே இடத்தின் மேல் இருக்கும்.

2019 ஓக்லீ அணியில் இந்த 17 வயதினர் பலர் ஆடினர். ஜமாரா உகிள்-ஹேகன் அவர்களில் ஒருவர். மேற்கு விக்டோரியாவின் ஃப்ராம்லிங்கம் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர், மெல்பர்னில் ஸ்காட்ச் கல்லூரியின் விடுதியில் தங்கிப் படித்தவர். வில் ஃபிலிப்ஸ், ஃபின்லே மெக்ரே, ரீஃப் மெக்கின்னஸ் ஆகியோரும் அவரைப் போலவே இன்னும் ஓராண்டு தகுதி மீதமிருந்த இளையவர்களே. மூத்தவர்களில் டிரென்ட் பியான்கோவும் டிலன் வில்லியம்ஸும் கூட்டாக அணித்தலைவர்கள். நெடிய உயரமுள்ள நிக் பிரையன் ரக் இடத்தில் ஆடினார். ரக் என்பவர் நடுவர் பந்தை மேலே எழுப்பியதும் எகிறி அதைத் தன் அணியினர் பக்கம் தட்டிவிடுபவர்.

பள்ளிப் பருவமும் மாநிலப் போட்டியும் முடிந்து எல்லோரும் திரும்பியபோது, இறுதிச் சுற்றுகள் நெருங்கிவிட்டன. இந்தக் கட்டத்தில்தான், திறமையானவர்கள் வந்துவிட்டார்கள், இனி வெற்றி தானாக வரும் என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு இது எதிர்மாறாகத் தெரிகிறது. பருவம் முழுவதும் மழையில் ஆடிய ஒருவருக்கு, இறுதிச் சுற்றுக்கு உனக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டிய வேளை அது. திரும்பி வந்தவர்கள் மற்றவர்களைத் தாழ்வாக எண்ணினாலோ, ஆண்டெல்லாம் அணியைத் தாங்கியவர்கள் மனத்தில் கசப்பு தங்கினாலோ, எத்தனை நட்சத்திரங்கள் இருந்தும் பயனில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் சிதறிவிடும். அணி ஒன்றாகவே நின்றது என்பதற்கு இறுதிப் போட்டியைத் தவிர வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

2019 செப்டம்பரில், கார்ல்டன் வடக்கிலுள்ள ஐகான் பார்க்கில் ஓக்லீயும் ஈஸ்டர்ன் ரேஞ்சஸும் மோதின. பட்டியலில் முதலிடம் பெற்ற அணியை ஓக்லீ 50 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. ரோவெல் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பந்தை எடுத்து ஆடி, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகச் சிறந்த வீரர் பதக்கத்தைப் பெற்றார். 2006, 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் ஓக்லீக்குக் கிடைத்த ஐந்தாவது பட்டம் அது. நவம்பரில் கோல்ட் கோஸ்ட் சன்ஸ் அணி முதல் தேர்வாக ரோவெலையும் இரண்டாம் தேர்வாக ஆண்டர்சனையும் எடுத்தது. மூன்றே வெற்றிகளுடன் கடைசி இடத்தில் முடித்திருந்த அந்த அணிக்குச் சிறப்புச் சலுகையாக ஒரு கூடுதல் தேர்வு தரப்பட்டிருந்ததால், நண்பர்கள் இருவரும் ஒரே அணிக்குச் செல்ல முடிந்தது. வில்லியம்ஸ் போர்ட் அடிலெய்டுக்கும், பிரையன் எஸன்டனுக்கும், பியான்கோ காலிங்வுட்டுக்கும் சென்றனர்.

இதோடு கதை முடிந்திருந்தால், உங்கள் கேள்விக்கு நான் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். 2020-இல் கொரோனா வந்தது. விக்டோரியாவில் நாப் லீக் ஆண்கள் பருவம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. பள்ளிப் போட்டிகளும் நின்றன. தங்கள் முக்கியமான ஆண்டில், 18 வயதில், அந்த மாநிலத்து இளைஞர்களுக்கு ஆடுவதற்கு ஓர் ஆட்டமும் இல்லை. ஆனாலும் டிராஃப்ட் நடந்தது. தேர்வாளர்கள் எதை வைத்து முடிவெடுத்திருக்க முடியும்? பெரும்பாலும் 2019-இன் காணொளிகளையும் குறிப்புகளையும் வைத்துத்தான். அந்த ஆண்டு முதல் தேர்வாக உகிள்-ஹேகன் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குச் சென்றார். மூன்றாம் தேர்வாக ஃபிலிப்ஸ் நார்த் மெல்பர்னுக்குச் சென்றார். மெக்ரேயும் மெக்கின்னஸும் முதல் இருபத்தைந்து தேர்வுகளுக்குள் காலிங்வுட்டுக்குப் போனார்கள். நால்வரும் 2019 ஓக்லீ அணியின் இளையவர்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு ஆட்டங்கள் தரப்பட்டபோது, அவையே அவர்கள் காட்டக் கிடைத்த ஒரே பருவமாகிவிடும் என்று லீ கிளார்க் உட்பட யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பின்னால் வரப்போவதை அறிந்து எடுத்த முடிவு அல்ல அது. இளையவனுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கமான, பலன் உடனே தெரியாத முடிவு. அதனால்தான் அதை நான் உயர்வாக மதிக்கிறேன். வேறோர் அணியில் அதே வயதில் வெளியே அமரவைக்கப்பட்ட ஒருவருக்கு, அந்த ஆண்டு மறுபடி கிடைக்கவே இல்லை.

ரோவெலின் பிற்கால உயர்வைப் பயிற்சியாளரின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2020-இல் பெரிய போட்டியில் அறிமுகமாகிச் சில ஆட்டங்களுக்குள்ளேயே தோள்பட்டைக் காயத்தால் பருவத்தை இழந்து, மீண்டு வந்து, 2025-இல் ஏ.எஃப்.எல். பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றது அவருடைய உழைப்பு. அதே ஆண்டு ஆண்டர்சன் அணித்தலைவராக இருக்க, கோல்ட் கோஸ்ட் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது அந்தச் சங்கத்தின் உழைப்பு. அத்தகைய வீரர் யாரிடம் பயின்றிருந்தாலும் உயர்ந்திருப்பார் என்ற உங்கள் ஐயத்தை அவர் விஷயத்தில் மட்டும் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் இளையோர் பயிற்சியாளரை அளக்க நான் ரோவெலிடம் போக மாட்டேன். கூப்பர் ஷார்மனைப் போன்ற ஒருவரிடம் போவேன். உயரமான முன்கள வீரரான அவர் 2019 பருவத்தின் பிற்பகுதியில்தான் ஓக்லீ அணிக்கு வந்து சேர்ந்தார். ஆண்டெல்லாம் தன்னோடு ஆடாத ஒருவரை, பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கும் ஓரணி அந்த நேரத்தில் உள்ளே ஏற்பதற்குத் துணிவு வேண்டும். அந்த ஆண்டின் டிராஃப்டில் அவர் பெயர் அழைக்கப்படவில்லை. அதோடு அவர் ஆட்டத்தை விட்டுவிடவும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, வுட்வில்-வெஸ்ட் டொரன்ஸ் அணியில் ஆடினார். 2021-இல் பருவத்தின் நடுவே நடக்கும் தேர்வில் செயின்ட் கில்டா அவரை எடுத்தது. அதே ஆண்டு முதல்நிலை ஆட்டத்தில் களமிறங்கினார். ஒவ்வோர் ஆண்டும் வட்டார அணிகளில் ஆடும் நூற்றுக்கணக்கானவர்களில் பெரும்பாலோர், டிராஃப்ட் இரவில் பெயர் அழைக்கப்படாதவர்கள். அடுத்த ஏப்ரலில் அவர்களில் எத்தனை பேர் முதல்நிலைக்கு அடுத்த படியான வி.எஃப்.எல். போட்டியின் அணியிலோ தங்கள் உள்ளூர்ச் சங்கத்திலோ மறுபடியும் காலணியைக் கட்டிக்கொண்டு களத்துக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்தால், அந்தப் பயிற்சியாளர் முந்தைய ஆண்டில் என்ன செய்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.